மூடிய வகை ஹெட்போன்: குறைந்த விலையில் ஒலியையும் அணிசுகத்தையும் மதிப்பிடுதல்

மூடிய வகை ஹெட்போன் என்பது, ஒலி எழுப்பும் பகுதியின் பின்புறம் துளையில்லாத கிண்ணத்தால் அடைக்கப்பட்ட, தலையில் அணிந்து கேட்கும் கருவியாகும். பின்புறம் வலைபோலத் திறந்திருந்தால் அது திறந்த வகை. திறந்த வகையில் ஓடும் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். வெளிச்சத்தமும் தடையின்றி உள்ளே வரும். மூடிய வகை இவ்விரண்டையும் ஓரளவு தடுக்கிறது. பேருந்து, விடுதி அறை, எல்லோரும் ஒரே அறையில் புழங்கும் வீடு ஆகிய இடங்களுக்கு இதுவே பொருந்துகிறது. இந்தியச் சந்தையில் ஏறத்தாழ 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குள் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை மூடிய வகைதான்.

விற்பனைப் பக்கங்களில் ஒலிக்கு இத்தனை நட்சத்திரம், சுகத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியே மதிப்பெண் போடுவது வழக்கம். மூடிய வகையில் இந்தப் பிரிவினை சரிவராது. காதைச் சுற்றி மெத்தை எவ்வளவு நன்றாக ஒட்டி அடைக்கிறதோ, அதைப் பொறுத்தே தாழ்ந்த ஒலிகள் கிடைக்கின்றன. அந்த அடைப்பைத் தருவது தலைப்பட்டையின் இறுக்கம். இறுக்கம் கூடினால் காது வலிக்கும், வேர்க்கும். குறைந்தால் பாட்டின் அடிநாதம் கசிந்து போய்விடும். நல்ல மலிவு ஹெட்போன் என்பது இந்த இழுபறியை ஒரு தலைக்கு ஏற்றபடி சமாளித்த ஒன்று. அந்தத் தலை வாங்குபவருடையதாக இருக்க வேண்டும். விமர்சகருடையதாக இருந்து பயனில்லை.

தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், மூல வைகை ஓடும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள மயிலாடும்பாறை போன்ற ஊர்களில் இது கூடுதலாகப் பொருந்தும். பல மாதிரிகளை மாட்டிக் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கடைகள் பெருநகரங்களில்தான் உள்ளன. சிற்றூர் மாணவர் படத்தைப் பார்த்து இணையத்தில் வரவழைக்கிறார். பெட்டி வந்த பிறகு, திருப்பி அனுப்புவதற்கு விற்பனையாளர் தரும் சில நாட்களே அவருக்குச் சோதனைக் காலம். ஆகவே எந்த அளவுகருவியும் இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளுக்கே இங்கு முதலிடம் தரப்படுகிறது.

தோற்றம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் 1910இல் தம் வீட்டில் செய்த ஹெட்போனை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். அது வானொலிச் செய்தி கேட்பதற்கானது. இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை 1958இல் ஜான் காஸ் அறிமுகப்படுத்தினார். 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ஹெச்டி 414 என்ற திறந்த வகையை வெளியிட்டது. அதன் பிறகுதான் ‘மூடிய’, ‘திறந்த’ என்று பிரித்துப் பேச வேண்டிய தேவை வந்தது.

ஒலிப்பதிவுக் கூடங்களில் மூடிய வகை நிலைத்ததற்குக் காரணம் எளிது. பின்னணிப் பாடகர் காதில் கேட்கும் தாளம் வெளியே கசிந்தால், எதிரில் உள்ள மைக் அதையும் சேர்த்துப் பதிந்துவிடும். சோனியின் எம்டிஆர்-7506, பேயர்டைனமிக்கின் டிடி 770 ஆகியவை இந்தத் தேவைக்காகவே பெயர் பெற்றவை. இன்றைய மலிவு மாதிரிகளில் பல, தோற்றத்தில் இவற்றின் வழித்தோன்றல்களே.

அடைப்பு

ஹெட்போனின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளி இழுக்கிறது. காதுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள காற்று எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தால், ஒவ்வோர் அசைவும் அந்தச் சிறிய அறையின் அழுத்தத்தை நேரடியாகக் கூட்டிக் குறைக்கும். செவிப்பறை அந்த அழுத்த மாற்றத்தை உணர்கிறது. எங்காவது ஒரு சந்து இருந்தால், மெதுவாக அசையும் தாழ்ந்த ஒலிகளின் போது காற்று அந்தச் சந்து வழியே வெளியேறிவிடப் போதிய நேரம் கிடைக்கிறது, அழுத்தம் எழும்புவதில்லை. விரைவாக அசையும் உயர்ந்த ஒலிகளுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. எனவே கசிவு இருந்தால் பேஸ் மட்டும் குறையும். மற்றவை அப்படியே இருக்கும். பாட்டு ‘தகரம் போல’ ஒலிக்கிறது என்று சொல்லப்படும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

சந்து எங்கிருந்து வருகிறது? முதலாவது, மூக்குக்கண்ணாடியின் கை. அது மெத்தையைத் தூக்கிப் பிடித்து, கன்னப்பொட்டின் பக்கம் இடைவெளி உண்டாக்குகிறது. அடுத்தது காதோரம் அடர்ந்த முடி. எண்ணெய் தேய்த்து வாரிப் பின்னிய சடை கழுத்தோரம் மெத்தைக்கு அடியில் மாட்டிக்கொள்வதும் உண்டு. தாடை எலும்புக்குக் கீழே குழிவான முகம் உடையவர்களுக்கு மெத்தையின் அடிப்பகுதி தோலைத் தொடாமலே நிற்கும். ஒரே ஹெட்போனை ஒருவர் ‘பேஸ் அதிரடி’ என்றும் இன்னொருவர் ‘பேஸே இல்லை’ என்றும் எழுதுவதைக் காணலாம். இருவரும் தத்தம் தலையில் கேட்டதைச் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும்.

இதைக் கண்டறிய ஒரு சோதனை போதும். பேஸ் நன்றாக உள்ள பாட்டை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கிண்ணங்களை மெல்ல, ஒரே சீராக, தலைப்பக்கம் அழுத்த வேண்டும். பேஸில் மாற்றம் சிறிதாக இருந்தால் அடைப்பு நன்றாக உள்ளது. அழுத்தியதும் தவில் திடீரென உயிர் பெற்றதுபோல எழுந்தால், அந்த ஹெட்போன் அந்தத் தலைக்குச் சரியாகப் பொருந்தவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றி ஒருமுறையும் மாட்டி ஒருமுறையும் கேட்க வேண்டும். கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றிவிட்டுச் சோதித்து, ‘ஒலி அருமை’ என்று முடிவு செய்வது வீண். தலைப்பட்டையின் நீளத்தை ஒரு படி ஏற்றியோ இறக்கியோ வைத்தால் அடைப்பு சரியாவதும் உண்டு. திருப்பி அனுப்புமுன் அதைச் செய்து பார்ப்பது நல்லது.

எதிர்ப்பக்கக் குறையும் உண்டு. மூடிய கிண்ணத்துக்குள் பின்புற ஒலி சுவரில் மோதித் திரும்புகிறது. நன்றாக வடிவமைத்தவற்றில் உள்ளே பஞ்சு வைத்து, சிறு காற்றுத்துளைகள் விட்டு இதை அடக்குவார்கள். அப்படிச் செய்யாதவற்றில் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி வீங்கிப்போய், பாடகர் குடத்துக்குள் முகம் வைத்துப் பாடுவது போல இருக்கும். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று அட்டையில் பெரிதாக அச்சிட்ட மாதிரிகளில் இந்த வீக்கத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும். உண்மையான ஆழ்ந்த பேஸ் 40 முதல் 80 ஹெர்ட்ஸில் உள்ளது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டை சுருதியில் கூட்டிய தம்புராவின் மந்தர ஸட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தி தனியாக, நீளமாக ரீங்கரித்துத் தேய்வது கேட்டால் பேஸ் நன்றாக உள்ளது. வெறும் ‘பொம்’ என்று முடிந்தால் அது வீக்கம்.

பழகிய பாட்டைக் கொண்டு சோதித்தல்

புதிதாக ஒரு பாட்டைக் கேட்டு ஹெட்போனை மதிப்பிட்டால், பாட்டின் குறையா கருவியின் குறையா என்று பிரிக்க முடியாது. நூறு முறை கேட்டுப் பழகிய பாட்டே நல்ல அளவுகோல். இந்த வகையில் தேனி மாவட்டத்தவருக்குப் பஞ்சமில்லை. இளையராஜா உத்தமபாளையம் அருகிலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தவர், பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டியில்.

‘மூடு பனி’ (1980) படத்தில் கே. ஜே. யேசுதாஸ் கிட்டாரோடு பாடும் பாட்டு, குரலும் பேஸ் கிட்டாரும் எப்படிப் பிரிந்து நிற்கின்றன என்று பார்க்க ஏற்றது. வீங்கிய ஹெட்போனில் இரண்டும் ஒன்றாகக் குழையும். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) பாடல்வரிகள் இல்லாத இசைத்தொகுப்பு. அதன் வயலின் கூட்டத்தில் எத்தனை அடுக்குகள் தனித்தனியே காதில் படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் உள்ள ‘நத்திங் பட் விண்ட்’ (1988) மூச்சுக்காற்றின் மெல்லிய சீறலைக் கேட்பதற்கு உதவும். ஆழ்ந்த பேஸுக்கு ஏ. ஆர். ரகுமானின் ‘ரோஜா’ (1992) காலத்துப் பதிவுகள் முந்தைய பதிவுகளைவிட நல்ல சோதனை. ‘கிழக்குச் சீமையிலே’ (1993) நாட்டுப்புறக் கருவிகளையும் மின்னணுத் தாளத்தையும் ஒரே பாட்டில் வைப்பதால், இரண்டின் வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்கலாம்.

தாளக்கருவிகளில் மிருதங்கம் தனிச் சிறப்புடையது. மிருதங்கம், தபலா போன்ற கருவிகளின் மேற்சுரங்கள் சாதாரணப் பறைகளைப்போலத் தாறுமாறாக இல்லாமல், தந்திக்கருவிகளைப்போல ஒழுங்காக அமைகின்றன என்று சி. வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எடுத்துக்காட்டினார். வலந்தலையின் நடுவில் பூசிய கரணையே இதற்குக் காரணம். ஆகவே வலந்தலை அடியில் சுருதி தெளிவாகக் கேட்க வேண்டும். தொப்பி அடியில் கும்கி வழுக்கி ஏறுவது தெரிய வேண்டும். தனியாவர்த்தனம் ஒன்றைக் கேட்டு, சுருதி தெரியாமல் வெறும் ‘டப் டப்’ என்று இருந்தால் மிட் பகுதி பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.

குரலுக்கான சோதனை தமிழிலேயே உள்ளது. ல, ள, ழ ஆகிய மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் வரும் நுண்ணிய வேறுபாடுகளால். அந்தப் பகுதியை அமுக்கி, பேஸையும் ட்ரெபிளையும் தூக்கிய ஹெட்போன்கள் சந்தையில் ஏராளம். முதல் ஐந்து நிமிடம் அவை பளிச்சென்று இருக்கும். செய்தி வாசிப்பையோ பாட வகுப்பையோ கேட்கும்போதுதான் ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்ற குழப்பம் வரும். இணையவழிப் பாடம் கேட்பதற்காக வாங்கும் மாணவர், பாட்டுக்கு முன்பாகப் பேச்சைக் கேட்டுச் சோதிப்பது நல்லது. இதற்கு மேலே, 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் பகுதி மிகுந்தால் ‘ஸ்’, ‘ஷ்’ வரும் இடமெல்லாம் ஊசி குத்துவதுபோல இருக்கும். அரைமணி நேரம் கேட்டதும் காரணம் தெரியாமல் கழற்றி வைக்கத் தோன்றினால், பெரும்பாலும் இதுதான்.

1960களின் ஒற்றைத்தடப் பதிவுகளுக்கும் ஒரு பயன் உண்டு. இரு காதுகளிலும் ஒரே ஒலி வருவதால் பாடகர் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், ஹெட்போனை இடம் வலமாக மாற்றி மாட்டிப் பார்க்கலாம். சாய்வும் சேர்ந்து மாறினால் குறை ஹெட்போனில் அல்லது போனில். மாறாமல் இருந்தால் காதில். மாறாத சாய்வு வேறொரு போனிலும் தொடர்ந்தால், காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுவது ஹெட்போனை மாற்றுவதைவிடப் பயன் தரும்.

கொடைக்கானல் பண்பலையைப் போன்ற வானொலிகளைக் கொண்டு ட்ரெபிளை மதிப்பிடக் கூடாது. பண்பலை ஒலிபரப்பில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வருவதில்லை. மலைமறைவில் இரைச்சலும் சேரும்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உள்ளது. சத்தம் சற்றே கூடுதலாக உள்ளதைக் காது ‘சிறந்தது’ என்று எண்ணிக்கொள்ளும். போனில் ஒலியளவு ஒரே படியில் இருந்தாலும் இரண்டு ஹெட்போன்களின் சத்தம் ஒன்றாக இருக்காது. பேச்சுக்குரல் இரண்டிலும் சமமாகக் கேட்கும்படி படியை மாற்றி வைத்த பிறகுதான் ஒப்பீடு தொடங்குகிறது.

அட்டையில் உள்ள எண்கள்

‘20–20,000 ஹெர்ட்ஸ்’ என்பது மனிதச் செவியின் எல்லை. ஏறத்தாழ எல்லா ஹெட்போன் பெட்டிகளிலும் இது அச்சிடப்பட்டிருக்கும். அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று சொல்லாதவரை இந்த எண்ணுக்குப் பொருளில்லை. ‘40 மிமீ டிரைவர்’, ‘50 மிமீ டிரைவர்’ என்பவையும் அப்படியே. கசியும் மெத்தையில் 50 மிமீ தருவதைவிட, நன்கு அடைத்த 30 மிமீ கூடுதல் பேஸ் தரும்.

பயனுள்ள எண்கள் இரண்டு: மின்மறுப்பும் உணர்திறனும். 32 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் என்று போட்டிருந்தால், சாதாரணப் போனே அதை நன்றாக ஓட்டும். 250 ஓம் மாதிரிகள் ஒலிப்பதிவுக் கூடத்துப் பெருக்கிகளுக்கானவை. போனில் மாட்டினால் சத்தம் போதாது. விலை குறைந்ததாகக் கிடைக்கிறதே என்று பழைய 250 ஓம் ஹெட்போனை வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

விலையும் ஓர் எண்தான். 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, அதிர்வெண் சமநிலைக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். கூடுதல் விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டுமானம், மெத்தையின் தரம், பெயர் ஆகியவை. இது மலிவானதெல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. 2,000 ரூபாய்க்குள் நன்றாக ஒலிப்பது ஒன்று இருக்கலாம், 20,000 ரூபாயில் மோசமாக ஒலிப்பதும் இருக்கலாம் என்பதே பொருள். கேட்டுப் பார்க்காமல் தப்பிக்க வழியில்லை. எது ‘நன்றாக ஒலிப்பது’ என்பதற்கும் ஓரளவு பொது உடன்பாடு உண்டு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010களில் நடத்திய கேட்பாய்வுகளில், நல்ல அறையில் வைத்த நல்ல ஒலிபெருக்கியைப்போல ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலோர் விரும்பினர்.

அணிசுகம்

சுகத்தை ஐந்து நிமிடத்தில் மதிப்பிட முடியாது. மாட்டியவுடன் பஞ்சுபோல் இருந்தது நாற்பதாவது நிமிடத்தில் உச்சந்தலையைக் குத்தலாம். குறைந்தது ஒரு மணி நேரம், வழக்கமாகக் கேட்கும் இடத்தில், வழக்கமான உடையோடும் நகையோடும் அணிந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மெத்தை காதின் மேல் உட்காருகிறதா, காதைச் சுற்றி உட்காருகிறதா என்பது. காதின் மேல் உட்காரும் வகை சிறியது, எடை குறைவு. சோனியின் எம்டிஆர்-இசட்எக்ஸ்110 போன்றவை 120 கிராம்தான். ஆனால் காதுமடலின் குருத்தெலும்பை அழுத்தியே அது அடைப்பைப் பெறுகிறது. கம்மல் அணிந்தவர்களுக்கு இது பெரிய தொல்லை. தோட்டின் திருகாணி காதுமடலுக்குப் பின்னே மண்டை எலும்பில் பதியும். ஜிமிக்கி மெத்தைக்கு அடியில் சிக்கும். மாட்டல் போட்டிருந்தால் தலைப்பட்டையைச் சரிசெய்யும்போதெல்லாம் இழுக்கும். மேலைநாட்டு விமர்சனங்கள் கண்ணாடியைப் பற்றி எழுதும், திருகாணியைப் பற்றி எழுதுவதில்லை. ஆகவே தமிழ்நாட்டில் பாதிப்பேர் எந்த விமர்சனத்தை நம்பினாலும் இந்த ஒன்றைத் தாங்களே சோதித்தாக வேண்டும்.

காதைச் சுற்றி உட்காரும் வகையில் காதுக்குழியின் அகலத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும். காதுமடல் உட்புறத் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அரைமணியில் அந்த இடம் எரியும். விரலை உள்ளே விட்டு, மடலுக்கும் துணிக்கும் இடையே வெளி உள்ளதா என்று தடவிப் பார்க்கலாம்.

இறுக்கம் கூடுதலாக இருந்தால் அதைத் தளர்த்த ஒரு பழைய வழக்கம் உண்டு: தலையைவிடச் சற்று அகலமான புத்தக அடுக்கின் மேல் ஓரிரவு மாட்டி வைப்பது. உலோகப் பட்டை உள்ளவற்றில் இது பலன் தரும். வெறும் பிளாஸ்டிக் பட்டையில் விரிசல் விழலாம். தளர்த்திய பிறகு உள்ளங்கைச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். வலி போனதோடு பேஸும் போயிருக்கிறதா என்று அப்போது தெரியும்.

வெப்பம்தான் மூடிய வகையின் தீராத குறை. காதைச் சுற்றி அடைத்த காற்று சூடேறுகிறது, வேர்வை ஆவியாக இடமில்லை. சித்திரை வெயிலில் மின்விசிறி ஓடாத மதியத்தில் எந்தச் செயற்கைத்தோல் மெத்தையும் இருபது நிமிடத்தில் நனைந்துவிடும். துணி மெத்தை இதமாக இருக்கும், ஆனால் துணி காற்றை விடுவதால் அடைப்பு குறைந்து பேஸ் சற்றுக் குறையும். இங்கும் சுகத்துக்கு விலை ஒலியில்தான் கொடுக்கப்படுகிறது. டிசம்பரில் சோதித்து ‘சுகம்’ என்று முடிவு செய்தவர் ஏப்ரலில் வேறு மாதிரி நினைப்பார். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் சுழலும் ஆடிக்காற்றுக் காலத்தில் வெப்பம் ஒரு பொருட்டல்ல. வெளியே நடக்கும்போது கிண்ணத்தில் மோதும் காற்றின் ஓசைதான் தொல்லை.

பேருந்தும் ஒலியளவும்

மயிலாடும்பாறையிலிருந்து கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகத் தேனிக்குக் கல்லூரி செல்லும் ஒருவர் நாள்தோறும் போக வர நீண்ட நேரம் பேருந்தில் இருக்கிறார். ஹெட்போன் மிகுதியாகப் பயன்படுவது அங்கேதான். செவிக்குக் கேடு வருவதும் அங்கேதான்.

மூடிய கிண்ணம் உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும்: பேச்சு, ஹாரனின் கீச்சு, நடத்துநரின் விசில். பேருந்து எஞ்சினின் உறுமல் பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது. அதை இந்தக் கிண்ணங்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. உறுமல் பாட்டின் பேஸை மறைக்கிறது. கேட்பவர் பேஸ் குறைந்துவிட்டதாக எண்ணி ஒலியளவை ஏற்றுகிறார். ஏறுவது பேஸ் மட்டுமல்ல, எல்லாமே. இரைச்சல் நீக்கும் மின்னணு வசதி உள்ள மாதிரிகள் இந்தத் தாழ்ந்த உறுமலைத்தான் முதன்மையாகக் குறைக்கின்றன. அந்த வகையில் பேருந்துப் பயணிக்கு அது ஆடம்பரமல்ல. ஆனால் மிகக் குறைந்த விலையில் அந்த வசதி பெயரளவில்தான் இருக்கும். எஞ்சின் ஓடும் பேருந்தில் பாட்டில்லாமல் அதைப் போட்டும் அணைத்தும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த நெறிப்படி, பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. 95 டெசிபெல்லில் வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான்.

மலிவு ஹெட்போனுக்கு இந்த அளவைத் தாண்டுவது கடினமல்ல. முன்சொன்ன 32 ஓம், 100 டெசிபெல் ஹெட்போனுக்குப் போன் அரை வோல்ட் கொடுத்தால், செல்லும் திறன் ஏறத்தாழ 8 மில்லிவாட். ஒரு மில்லிவாட் மூன்று முறை இரட்டித்தால் 8. ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 3 டெசிபெல். ஆக 109 டெசிபெல். முழு ஒலியளவு என்பது சில நிமிடங்களிலேயே வாரத்துக்கான பங்கைத் தின்றுவிடும் அளவு. இப்படி இழந்த செவித்திறன் திரும்ப வருவதில்லை.

பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு கேட்டால் சத்தம் அதிகம் என்று பொருள் என்பது பழைய அறிவுரை. மூடிய வகையில் அது ஏமாற்றும். கிண்ணம் ஒலியை உள்ளேயே வைத்துக்கொள்வதால், மகன் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறான் என்பது அருகில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாது. இதற்கு மாற்றாக, இரவு அமைதியான அறையில் பேச்சும் பாட்டும் தெளிவாகக் கேட்கும் ஒலியளவுப் படியைக் குறித்துக்கொண்டு, பேருந்தில் அதைவிட ஓரிரு படிக்கு மேல் போகாமல் இருக்கலாம். அந்தப் படியில் பேருந்தில் பாட்டு கேட்கவில்லை என்றால், அந்த ஹெட்போன் பேருந்துக்கு ஏற்றதல்ல. கழற்றி வைத்த பிறகு காதில் ‘ஙொய்’ என்ற ரீங்காரம் இருந்தால் அளவு மீறிவிட்டது.

சாலையோரம் நடக்கும்போதும் இருசக்கர வாகனம் ஓட்டும்போதும் மூடிய வகை அணியக் கூடாது. வருசநாட்டுச் சாலையின் வளைவுகளில் எதிரே வரும் வண்டி கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும்.

கம்பியில்லாதவை

புளூடூத் மாதிரிகளில் ஒலியைத் திருத்தும் சில்லு உள்ளேயே இருக்கும். கம்பி மாட்டினால் அந்தச் சில்லு விலகி, ஒலி வேறு மாதிரி மாறுவது உண்டு. இரண்டு வழிகளிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாணவர்களைக் குழப்பும் இன்னொன்று: பாட்டில் நன்றாக ஒலித்த ஹெட்போன் இணையவழி வகுப்பில் திடீரெனத் தொலைபேசிபோல ஒலிக்கும். ஹெட்போனின் மைக்கைச் செயலி எடுத்துக்கொண்டவுடன், புளூடூத் இருவழிப் பேச்சுக்கான முறைக்கு மாறுகிறது. வழக்கமான மாதிரிகளில் அந்த முறை ஒலியை 8,000 ஹெர்ட்ஸுக்கு உள்ளே, பழையவற்றில் 4,000 ஹெர்ட்ஸுக்கு உள்ளே, வெட்டிவிடும். இது ஹெட்போனின் பழுதல்ல. செயலியின் அமைப்பில் மைக்கைப் போனுக்கோ மடிக்கணினிக்கோ மாற்றிவிட்டால் பழைய ஒலி திரும்பும். இதை அறியாமல் நல்ல ஹெட்போனைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

காதுமெத்தையின் ஆயுள்

மலிவு ஹெட்போனில் முதலில் சாவது மெத்தை. பெரும்பாலானவற்றில் அது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத்தோல். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதிமுறையில் சிதைந்து, கறுப்புச் செதிலாக உதிரும். வேர்வையும் தலையெண்ணெயும் அதை விரைவுபடுத்தும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, காற்றாடத் தொங்கவிட்டால் கூடுதல் காலம் உழைக்கும். வெயிலில் காயவைக்கக் கூடாது.

உதிராவிட்டாலும் உள்ளே உள்ள பஞ்சு அமுங்கித் தட்டையாகிறது. காது இயக்கிக்கு அருகில் போகிறது, ஓரங்களில் சந்து விழுகிறது, ஒலியும் மாறுகிறது. ‘நாளாக நாளாக ஒலி கெட்டுவிட்டது’ என்பதற்கு உள்ளிருக்கும் இயக்கியைவிட மெத்தையே பெரும்பாலும் காரணம். வாங்கும்போதே மெத்தையைக் கழற்ற முடிகிறதா, அதே மாதிரிக்கான மாற்று மெத்தை விற்பனையில் உள்ளதா என்று பார்த்துக்கொண்டால், ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் சில நூறு ரூபாயில் அது புதிதாகும். மாற்று மெத்தை பழையதைவிடத் தடிமனாகவோ வேறு துணியாகவோ இருந்தால் பேஸ் மாறும். புதிய மெத்தை போட்டதும் உள்ளங்கைகளால் கிண்ணத்தை அழுத்தி, அதே பழைய பாட்டை மறுபடி ஒருமுறை கேட்க வேண்டியிருக்கும்.